பன்னிரண்டு மாதம்

டுலூத்தில் மார்ச்சிலும் பனிதான்.
வெர்னா லின்ட்க்விஸ்ட் தட்டை ஒதுக்கிவிட்டு
வரிப் படிவத்தைத் திறந்தாள்.

பிள்ளை உங்களோடு எத்தனை மாதம் வசித்தாள்?

ஆகஸ்டில் போனவள்.
கட்டில்மேல் மடிக்காத துணி,
குளியலறையில் காய்ந்துபோன ஷாம்பு.

பொடி எழுத்தில் குறிப்பு சொன்னது:
படிக்கப் போனது போனதாகாது,
வீட்டில் இருந்ததாகவே கணக்கு.

பன்னிரண்டு என்று அடித்தாள்.
அடித்த கையோடு
அந்த அறையின் ஹீட்டரைத் திருகி வைத்தாள்.

மறுநாள் படிவம் திரும்பியது:
இந்த எண் ஏற்கெனவே தாக்கலாகிவிட்டது.

"காபிக்கடைச் சம்பளத்துக்கு நானே போட்டுட்டேம்மா," என்றாள் ஸிக்னி.
"உன்னை யாராவது சார்ந்தவளாகக் காட்ட முடியுமான்னு கேட்டது.
முடியாதுன்னு அமுக்கிட்டேன்.
தப்பா?"

பின்னால் பால் நுரைக்கும் சீறல், யாரோ அவளைக் கூப்பிட்டார்கள்.

"திருத்திடலாம். அதுக்கும் படிவம் இருக்கு."

கேஸ் பில்
இந்த மாதம் பதினெட்டு டாலர் கூட.