பனி என்று கேட்டது

எங்கே தொடங்க என்று கேட்டாய், ஷஜின்,
பால் லாரியின் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு.
இரண்டு கேன் ஏற்றும் நேரத்தில் சொல்லித் தீராது.
அதனால் எழுதுகிறேன்.
தாளில் ஒட்டுப்பால் மணத்தால் பொறுத்துக்கொள்.

மார்த்தாண்டத்தில் ஆயிரத்து இருநூறுக்கு
ஒரு பழைய போன் வாங்கினேன்.
கடைக்காரன் மெமரி கார்டை எடுக்க மறந்திருந்தான்.
உள்ளே முப்பத்தொரு பாட்டு.
பெயர் இல்லை, வெறும் எண்கள்.
கப்பலுக்குப் போய்வந்த யாரோ விற்றதாக இருக்கலாம்,
செத்துப்போனவனுடையதாகவும் இருக்கலாம்.
நான் விசாரிக்கவில்லை.

களியலுக்கு மேலே, எங்கள் தோட்டத்தில்,
காலை மூன்றரைக்கு
நெற்றி விளக்கின் வட்டம் அளவுக்குத்தான் பூமி.
ஒரு மரம், ஒரு வெட்டு, ஒரு சிரட்டை.
பிறகு அடுத்த மரம்.
பதினேழாம் எண் அன்றைக்குத்தான் காதில் விழுந்தது.
கருவி எதுவும் இல்லை அதில்.
ஒருத்தி பாடுகிறாள்.
ஒருவன் வாயாலேயே தாளத்தை உருட்டுகிறான்.
இன்னொரு ஆள் பால் கேனில் அடிக்கிறான்.
அங்கே மாட்டுப் பால், இங்கே மரப் பால்,
வெறும் தகரத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.
பக்கெட்டைக் கீழே வைத்தேன்,
வைத்த சத்தம் பாட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.
அன்று கடைசி வரிசை மரங்கள்
வெட்டுப்படாமலே விடிந்தது.

ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.
பனி.
முதுகில் இறங்கிக்கொண்டிருந்ததால்
பனி என்றே எடுத்துக்கொண்டேன்.
பிறகுதான் தோன்றியது,
நம் பக்கம் பனி என்றால் காய்ச்சல் அல்லவா,
பிள்ளைக்குச் சுடுகிறது என்று பாடுகிறாளோ?
ஒரு வாரம் அந்தப் பிள்ளைக்காக ஜெபித்தேன்.
அபிஷா ஹாஸ்டலில் இருந்து தேடிச் சொன்னாள்:
அது ரோமானி பாஷை அம்மா,
பனி என்றால் தண்ணீர்.

மனுஷ் என்றால் மனுஷன்தானாம்.
பஞ்ச், ஐந்து.
நக் மட்டும் நாக்கு இல்லை, மூக்கு.
நம்ம ஆட்கள் என்று சொல்ல வாய் துறுதுறுத்தது.
நீயும் சொல்லிவிடாதே.
வடக்கே எங்கிருந்தோ ஆயிரம் வருஷம் முன் போனவர்கள்,
கோதையாற்றுத் தண்ணீரை அவர்கள் குடித்ததில்லை.
போன இடத்தில் தலைமுறை தலைமுறையாக
அடிமையாக விற்றிருக்கிறார்கள் அவர்களை.
யுத்தத்தில் முகாமில் அடைத்துக் கொன்றிருக்கிறார்கள்.
இன்றைக்கும் வாடகைக்கு வீடு கிடைக்காதாம் பல ஊரில்.
நாடோடிப் பாட்டு என்று கார்டின் மேல் எழுதியிருந்தேன்,
அதற்கப்புறம் சுரண்டி எடுத்தேன்.
துரத்தப்பட்டவன் நடந்ததை
ஊர் சுற்றினான் என்று எப்படி எழுத?

சரி, உன் கேள்வி.
நாலாம் எண்ணை வண்டி ஓட்டும்போது போடாதே.
கல்யாண பேண்ட் அது, அத்தனையும் பித்தளை.
முட்டத்தில் திருவிழாவுக்கு வாசிப்பார்களே,
அந்த பேண்டுக்குக் கோபம் வந்ததுபோல் இருக்கும்.
இரண்டு, இரண்டு, இரண்டு என்று ஒழுங்காக நடந்து
கடைசியில் மூன்று அடி வைக்கும்.
திற்பரப்பு வளைவில் உனக்கு கியர் தப்பும்.
பதினொன்றில் வயலின் கம்பியில்
குதிரை முடியைக் கட்டி இழுக்கிறார்கள்,
எண்ணெய் காணாத கீல் போல ஒரு முனகல்.
அது கல்யாணத்துக்கா சாவுக்கா,
இருபது தடவை கேட்டும் எனக்குப் பிடிபடவில்லை.

பதினேழில் தொடங்கு.
கேன்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது போடு,
நிறைந்த கேன் பேசாது.
காலி கேன்கள் பின்னால் முட்டிக்கொள்ளும்போது
எது பாட்டு, எது லாரி என்று
குழம்புகிறதா பார்.

அவள் பேர் இன்னும் கிடைக்கவில்லை.
உனக்குக் கிடைத்தால் உடனே கூப்பிடு, வெட்டு நேரமானாலும்.

கார்டு சனிக்கிழமைக்குள் வரவேண்டும்.
மழை பிடித்துவிட்டால் வெட்டு இருக்காது,
வீட்டில் ஓட்டுச் சத்தம் மட்டும்தான்.