அரை லிட்டர்

முத்தியால்பேட்டை மணிக்கூண்டுக்குப் பின்தெருவில்
விடிகாலை நாலேகாலுக்கு
நான் பூத் கதவைத் தூக்கும் சத்தத்துக்கு
நாய்கூடத் தலை நிமிராது. பழகிவிட்டது.

பாக்கெட் எண்ணிக்கையை வைத்தே சொல்லிவிடுவேன்
எந்த வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறது,
யாருக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது,
எந்த மாடியில் புருஷனும் பெண்சாதியும்
தனித்தனியாகக் காபி போடுகிறார்கள் என்று.
பதினோரு வருஷத்தில் ஒருவரிடமும்
கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று
சொன்னதில்லை.

என்னிடம்தான் சொன்னார்கள்.

தடுப்பூசிக்குப் போன புதன்கிழமை
இளவெயினியின் கீழிமையைக்
கட்டைவிரலால் இழுத்துப் பார்த்தார் பிரிஜித் சிஸ்டர்.
உள்ளே வெளுத்திருந்தது.
"பால் எவ்வளவு குடிக்கிறாள்?"
"ஒரு லிட்டர்" என்றேன், சற்றுப் பெருமையாக.
"சில நாள் கூடவும்."
"சாப்பாடு?"
அரசி என்னைப் பார்த்தாள்.
நான் சுவரில் இருந்த போலியோ படத்தைப் பார்த்தேன்.

"பதின்மூணு மாசம். இத்துனூண்டு வயிறு.
அதைப் பாலால் அடைத்துவிட்டுச்
சோற்றை எங்கே உட்காரச் சொல்கிறீர்கள்?
வருஷம் திரும்பின பிள்ளைக்கு
அரை லிட்டரே தாராளம்.
மூணு வேளைச் சாப்பாடு, நடுவில் ரெண்டு தரம் ஏதாவது.
முட்டை, பருப்பு, கீரை, முள்ளெடுத்த மீன்.
வயிறு பசிக்கட்டும், அப்புறம் பால்.
பாட்டிலைத் தூக்கிப் போடுங்கள், டம்ளரில் கொடுங்கள்."
ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதியபடியே கேட்டார்:
"நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க?"
சொன்னேன்.
அவர் சிரிக்கவில்லை.
அதற்காக இன்றும் அவர்மேல் எனக்கு மரியாதை.

எவர்சில்வர் டம்ளருக்குள்
நகப்பாலிஷால் கோடு போட வந்தாள் அரசி;
"வெளியே போடு, விஷம்" என்று கத்தினேன்.
வெளியே போட்டால் உள்ளே எப்படித் தெரியும் என்று
அரை மணி நேரம் சண்டை.
கடைசியில் ஊறுகாய் பாட்டில் மூடியால் அளந்தோம்.
பத்து நாள்.
கோபித்துக்கொண்ட மாமியார் மாதிரி
வாயை இறுக்கி மூடிக்கொண்டாள் மகள்.
பருப்புச் சோறு காதுக்குள் போனது.
ராத்திரி ரெண்டு மணிக்கு
அவள் அழுத அழுகையில்
மாடி வீட்டு லைட் எரிந்தது.
இரண்டு முறை நானே எழுந்து, அரசிக்குத் தெரியாமல்,
பாட்டிலை நிரப்பினேன்.
அரசியும் இரண்டு முறை
எனக்குத் தெரியாமல்.

பிறகு அந்தக் கார்த்திகை மழை.
வேன் டிரைவர் தணிகாசலம் போனில்,
"பூமியான்பேட்டையில் இடுப்பளவு தண்ணி,
இன்னிக்கு என்னை நம்பாதே" என்றான்.
குடை குடையாக வந்தவர்களிடம்
பால் இல்லை, பால் இல்லை.
"குழந்தைக்குங்க" என்று கெஞ்சினார் ஒருவர்.
"எத்தனை மாசம்?" வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.
"காலேஜ் போறான். காபி இல்லாம எந்திரிக்க மாட்டான்."

பத்து மணிக்கு நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தால்
ஊருக்கே பால் விற்கிறவன் வீட்டிலும்
சொட்டுப் பால் இல்லை.
தரையில் தட்டை வைத்துக்கொண்டு அரசி
நேற்று வைத்த மத்திக் குழம்பு ஊற்றிச்
சோறு தின்றுகொண்டிருந்தாள்.
பக்கத்தில் இளவெயினி,
தட்டுக்குள் ஒரு கை, வாய்க்குள் ஒரு கை.
அரசி கண்ணாலேயே சொன்னாள்: பேசாதே.
முள் தேடிய அவள் விரல்கள் மட்டும்
அவசர அவசரமாக ஓடின.
வாசலில் என் சட்டை சொட்டச் சொட்ட
ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே நின்றேன்,
கிரேட் இறக்கும்போது எண்ணுவதைப் போல.
பதினோரு வாய்.
பன்னிரண்டாவதை அவள் பாதி தின்று
மீதியை என்னிடம் நீட்டினாள்.

சாயங்காலம் வேன் வந்தது.
ஒரு பாக்கெட் எடுத்துவந்து
அவள் பங்கை மூடியால் அளந்து ஊற்றினேன்.
மிச்சத்தில் எனக்கும் அரசிக்கும் டீ.
எங்கள் வீட்டு டீ
இவ்வளவு கெட்டியாக இருந்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் முட்டையைத் துப்பினாள்,
என் ஒரே வெள்ளைச் சட்டை மேல்,
மஞ்சளாக,
அளவெல்லாம் பார்க்காமல்.