மடித்த துணி

ஆளுக்கு எட்டுக் கிலோ.
ஸ்மாரா முகாமின் நான்காம் குடியிருப்பில்
பதினோரு வருடமாக அளந்து போடுபவள் நான்.
டிந்தூஃபிலிருந்து லாரி வரும் நாளில்
மெல்ஹ்ஃபா முழுக்க மாவு,
புருவத்தில் மாவு,
தும்மினால் அதிலும் கோதுமை.

கணக்கில் ஒரு பிடி குறைந்ததில்லை.
குறைந்தது வேறு.

தெஸ்லெமுக்கு மூன்று வயது முடிந்தபோது
வயிறு மட்டும் வளர்ந்திருந்தது.
கைகால் கூடாரக் குச்சி.
"நல்ல சாப்பாட்டுக்காரி" என்றாள் பக்கத்துக் கூடாரத்து மெனீனா,
வயிற்றை மட்டும் பார்த்து.
நானும் சிரித்துக்கொண்டு
இன்னொரு துண்டு ரொட்டி பிய்த்துக் கொடுத்தேன்.

குளிப்பாட்டும்போது பார்ப்பேன்:
பின்புறத்தில் தோல் மடிமடியாகத் தொங்கும்,
தண்ணீர் தீர்ந்த தோல்பை போல.
மலம் வெளிறி, கூழாய், எண்ணெய் மினுங்க.
மணல் போட்டு மூடினால் மலம் மூடும்,
நாற்றம் மூடாது.
இதை எந்த விருந்தாளியிடம்
எத்தனையாவது கோப்பைத் தேநீரில் சொல்வது?

தண்ணீர் சரியில்லை என்றேன். தொட்டியைத் தேய்த்துக் கழுவினேன்.
பல் முளைக்கிற கோளாறு என்றேன்.
பல் எல்லாம் முளைத்துவிட்டது.
அப்புறம் கண்ணேறு என்றேன்.
அதற்குப் பரிகாரம் சொல்லத் தெரியாதவர்
இந்தப் பாலையில் ஒருவர்கூட இல்லை.

அவள் ஓடி விளையாடவில்லை.
தொட்டால் அழுகை, தொடாவிட்டால் அழுகை.
ஆட்டுக்கொட்டிலின் தகர நிழலில் உட்கார்ந்து
மணலை அள்ளித் தின்றாள்.
நான் வாயைத் தோண்டி எடுப்பேன்,
எடுத்த வாயில் ரொட்டியை வைப்பேன்.

ஒரு பெருநாளுக்குத் தைத்த சட்டை
அடுத்த பெருநாளுக்கும் சரியாக இருந்தது.
துணி மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன்.
(ஆமாம், சந்தோஷப்பட்டேன்.)
மூன்றாவது பெருநாளுக்கும் சரியாக இருந்தது.
அன்று இரவு விளக்கடியில் விளிம்பைத் திருப்பிப் பார்த்தேன்:
வளர்வாள், பிரித்துவிடலாம் என்று
நான் உள்ளே மடித்து வைத்த நான்கு விரல் துணி
மடித்தபடியே,
வெயில் படாத புது நிறத்தில்.

மருந்தகத்துக்குச் சட்டையையும் எடுத்துப் போனேன்.
தாதி லெஹ்பிப் சிரிக்கவில்லை.
"ரொட்டி எப்போது தொடங்கினாய்?"
பால் மறக்கடித்த பிறகு.
"மெலிவு?"
அதற்குப் பிறகு.
இரண்டு பதிலையும் அருகருகே எழுதினார்.
அருகருகே இருந்தபோதுதான் எனக்கும் தெரிந்தது.

ரத்தம் வெளியூர் போய்வர ஆறு வாரம்.
சீலியாக் என்றார்.
குடலுக்குள் கம்பளத்து மயிர்போல் அடர்ந்திருக்க வேண்டியது
கோதுமை பட்டுப் பட்டுத்
தேய்ந்த பாயாகிவிட்டதாம்.
விழுவதெல்லாம் வழுக்கிப் போகிறதாம்.

நான் முழங்கையைச் சொறிந்துகொண்டிருந்தேன்.
"அதென்ன கொப்புளம்?"
மாவு அரிப்பு.
"எத்தனை நாளாக?"
கல்யாணம் ஆன நாளாக.
"விரல் மரத்துப்போகுமா?"
அளக்கிற கை, மரக்காதா?
"களைப்பு?"
இங்கே யாருக்கு இல்லை?
"கரு தங்காமல் போனதுண்டா?"

இரண்டு. கல் வைத்த மணலில்.
பெயர் வைக்கவில்லை.

தாயும் பிள்ளையும் ஆனாலும்
வாயும் வயிறும் வேறு என்பார்கள்.
மெல்ஹ்ஃபாவை ஒதுக்கி
இடது கையை நீட்டினேன்.
அவர் ஊசியைத் தேடினார்.

இப்போது எங்களுக்குத் தனி அரிசி மூட்டை,
சிவப்பு நூல் கட்டிய தனிச் சல்லடை.
ரொட்டியை ஆடு தின்கிறது, கொழுத்திருக்கிறது.
தெஸ்லெம் மணலைத் தின்பதில்லை, என்மேல் எறிகிறாள்.

லாரி வந்தால் நான்தான் அளக்கிறேன் இன்னமும்.
மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு,
ஆளுக்கு எட்டு, ஆளுக்கு எட்டு.
நேற்று வரிசையில் ஒருத்தி,
இடுப்பில் குழந்தை,
முரசு போல வயிறு, அதன் கீழே இரண்டு குச்சி.
கிண்ணத்தைக் கவிழ்க்காமல் நிறுத்தினேன்.
பின்னால் கத்துகிறார்கள்.
கத்தட்டும்.

முகத்துணியை இறக்கிவிட்டுக் கேட்டேன்:
இந்தச் சட்டை
எந்தப் பெருநாளுக்குத் தைத்தது?