பொட்டுக்குப் பின்னால் ஒரு விளக்கு

புது வானுக்கு வாய் அதிகம்.
பெல்ட் போடாவிட்டால் கத்தும்,
கொட்டாவி விட்டால் கத்தும்,
பக்கத்து இருக்கையில் சாப்பாட்டுப் பை சரிந்தாலும்
ஆள் விழுந்ததென்று கத்தும்.
மூன்றாம் கிழமை
கைப்பையில் கிடந்த ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை
அந்த மஞ்சள் விளக்கின் மேல் ஒட்டிவிட்டேன்.
சத்தத்தையும் குறைத்தேன்.
வுப்பர்டாலில் எனக்கு யாரும் வழி சொல்ல வேண்டாம்.
பதினோரு வருஷமாய்
ஆஸ்பத்திரிகளுக்கு வெளுத்த விரிப்புகள்
கொண்டுபோகிறவள்.

அன்று விடிய நாலேகால்.
வைப்பர் இந்தப் பக்கம் வர
அந்தப் பக்கம் கண்ணாடி காணாமற் போனது.
தலைக்கு மேலே தொங்குரயிலின் தண்டவாளம்
ஆற்றைப் பார்த்தபடியே போனது.
ஆறு எதுவரை, தெரு எதுவரை
எனக்குத்தான் பிடிபடவில்லை.

பொட்டைச் சுற்றி மஞ்சள் கசிந்தது,
கிரகணத்துச் சூரியன் மாதிரி.
கீழே எழுத்து:
முன்னால் 280 மீட்டர். பாலத்தடியில் தண்ணீர்.

பார்த்தால் வெறுந்தெரு.
சிவப்பு பச்சையாகிப் போ என்றது.
போகவில்லை.
துணிச்சலும் இல்லை, முன்யோசனையும் இல்லை,
விரிப்புகள் நனைந்தால் சம்பளத்தில் வெட்டுவார்கள்,
அவ்வளவுதான்.

பின்னால் வந்த பேருந்தும் நின்றது.
உள்ளே அரைத்தூக்கத்தில்
அலுவலகங்கள் கூட்டப் போகிறவர்கள்.
சாரதி டார்ச் கொண்டுவந்தார்.
"உங்களுக்கும் வந்ததா?"
இருவரும் நடந்துபோய்ப் பார்த்தோம்.
பாலத்தடி முழுக்கக் கறுப்பு, அலையே இல்லை.
நடுவில் ஒரு சின்னக் காரின் கூரை மட்டும்.
ஜன்னல் திறந்திருந்தது.
ஆள் இல்லை.
நல்லகாலம், ஆள் இல்லை.

எர்கான் கராஜில் கை துடைத்தபடி விளக்கினான்:
தண்ணீரில் இறங்கிய வண்டி
சக்கரம் வழுக்கியதை, வைப்பர் பறந்ததை,
அவசர விளக்கு எரிந்ததை
பக்கத்தில் வந்ததற்குச் சொல்லும்.
அது அடுத்ததற்கு.
சாரையில் போகிற எறும்புகள்
மீசையோடு மீசை தொட்டுவிட்டு நடக்குமே,
அவ்வளவு நேரம்தான்.

"முதலில் சொன்னது யாரென்று பார்க்கலாமா?"
"முடியாது. ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம்
வண்டி தன் பெயரை மாற்றிக்கொள்ளும்,
யாரும் யாரையும் பின்தொடராமல் இருக்க."

பின்தொடர்வது என்றால் என்னவென்று
எனக்கு எர்கான் சொல்லித் தரவேண்டியதில்லை.
அப்படியே இருக்கட்டும், பெயர் வேண்டாம்.
ஆனால் தொண்டையில் நிற்கிற இந்த நன்றியை
எந்த விலாசத்துக்குப் போடுவது?

"உன் வான் ஏழு வண்டிக்குச் சொல்லியிருக்கு,"
என்றான் அவன், திரையைப் பார்த்து.
எண்ணிக்கை மட்டும் வைத்திருக்குமாம்.
ஏழு.
பேருந்து ஒன்று.
மற்ற ஆறில் ஒருவராவது
சனியன், சும்மா கத்துது என்று
என்னைத்தான் திட்டியிருப்பார்.

வீட்டுக்குப் போகமுன் பொட்டை உரித்தேன்.
வட்டமாய்ப் பசை மிச்சம்.
நகத்தால் சுரண்டியும் போகவில்லை.