பதினான்காம் தடவை

பூச்சு வேலை செய்பவனுக்கு
உலோகம் ஒட்ட வேண்டும்.
எங்களுக்கு ஒட்டக் கூடாது.
வந்து படிய வேண்டும்,
தட்டினால் உதிர வேண்டும்.
இந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான்
அறிவியல் நகரில், மேல்மாடி வெக்கையில்
சாம்பவியும் நானும் ஏழு மாதம்.

ஒரு முகவை நீலம்.
செப்புச்சல்பேற்று, கொஞ்சம் சல்பூரிக்கமிலம்.
வடித்த நீர் பற்றரிக் கடையில் வாங்கியது.
கிளிநொச்சிக் கிணறு
கேத்தலின் அடியிலேயே தன் கதையை எழுதிவிடும்.

அனோட்டு,
புளியங்குளத்துப் பழைய இரும்புக்காரர்
நிறுத்துத் தந்த கேபிள்.
றப்பரை உரித்தால் உள்ளே
நேற்று இழுத்ததுபோல் சிவப்பு.
யார் பேசிய கம்பி, எந்த விளக்குக்குப் போனது,
அவர் சொல்லவில்லை, நாங்கள் கேட்கவில்லை.
கிலோ விலை மட்டும் பேசினோம்.

சும்மா விட்டால் செப்பு மரமாகும்.
கதோட்டில் கிளை, கிளையில் கிளை,
நுணுக்குக்காட்டிக்குள்
இலை கொட்டிய முதிரைக் காடு.
பார்க்க அழகுதான்.
எங்களுக்கு வேண்டியது மா.

அதற்கு ஜெலற்றின்,
லீற்றருக்கு ஒரு மிளகளவு.
அது போய் முளைக்கும் நுனிகளில் குந்திக்கொள்ளும்,
பஸ்ஸில் லேஞ்சி போட்டு சீற்றுப் பிடித்தவர்கள்போல.
"இதில ஆள் இருக்கு, அங்கால போ."
செப்பு அங்கால போகும்.
அங்கேயும் ஒருவர்.
வேறு வழியில்லாமல்
வெறும் இடம் பார்த்துப் புதிதாக,
சின்னதாகத் தொடங்கும்.

கொழும்புக்கு எழுதிக் கேட்ட போத்தல் வரவில்லை.
கரடிப்போக்குச் சந்தியில் கேக் சாமான் கடை.
"எத்தினை பேருக்குப் பிள்ளை புடிங்?"
"ரெண்டு பேருக்கு" என்றாள் சாம்பவி.
பைக்கற்றின் பின்புறம் பொடி எழுத்தில்
எலும்பு, தோல் என்று இருந்தது.
வாசித்தாள்.
எழுத்து கீழே போகும்படி
தராசுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
தராசைப் பூச்சியமாக்கு என்றேன்.
ஆக்கினாள்.

பதினான்காம் தடவை.
மூன்று மணி பத்துக்குக் கரண்ட் நின்றது.
ஜெனரேற்றரில் டீசல் இல்லை என்பது
முந்தாநாளே எல்லோருக்கும் தெரியும்.
ஓட்டம் நின்றால் அமிலம் சும்மா இராது,
தந்ததைத் திருப்பிக் கேட்கும்.
தட்டில் இருக்கும் சிவப்பு
கொஞ்சம் கொஞ்சமாக
நீலத்துக்குள் திரும்பிப் போகும்.

தட்டை வெளியே எடு என்று திரும்பினேன்,
அவள் படியில் இறங்கி ஓடியிருந்தாள்.
வரும்போது பின்னால் மரியதாஸ் அண்ணை,
அவளை ஏற்றிப்போக வந்த ஓட்டோக்காரர்.
ஞானஸ்நானத்துக்குக் கொண்டுவரும் பிள்ளைபோல
நெஞ்சோடு அணைத்தபடி பற்றரி.
"செத்துப்போச்செண்டா
தள்ளுறது நீங்கள்தான், சொல்லிப்போட்டன்."

கிளிப்புகள் கடித்தன.
பன்னிரண்டு வோல்ற்று, கேள்விகேட்க ஆளில்லாமல்.
தட்டு நுரைத்தது, இரைந்தது,
கபில நிறமாகக் கொட்டியது.
"ஐயோ எரியுது" என்றார்.
எரியவில்லை, ஐதரசன்.
யன்னல்களைத் திறந்தோம்.
வயலில் யாரோ சூடடித்துக்கொண்டிருந்தார்கள்.

நீரில் கழுவி, மதுசாரத்தில் கழுவி,
சவர்க்காரத் தண்ணியில் ஒருக்கால் தோய்த்து உலர்த்தினால்
ஒரு கிராமும் கொஞ்சமும்.
முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் மூச்சு விட்டோம்.
இதுவரை வந்ததிலேயே நுண்ணியது.
இன்னொருக்கால் இப்படி வருமா,
யாருக்குத் தெரியும்.

அட்டவணையில் மின்மூலம் என்று ஒரு நிரல்.
பதின்மூன்று வரியிலும் ஒரே கருவியின் பெயர்.
"மிஸ், இதுக்கு என்ன எழுதுறது?"
நடந்ததை எழுது.
முச்சக்கரவண்டி, என்று எழுதினாள்.
கொஞ்சம் யோசித்து
இலக்கத் தகட்டையும் சேர்த்தாள்.

கீழே வண்டி கிளம்பவில்லை.
வெள்ளை அங்கியோடு இறங்கிப்போய்
இரண்டு பேரும் தள்ளினோம்,
ஏ-ஒன்பது வீதி ஏறும்வரை.
பின் சீலையில் எங்கள் கை பட்ட இடமெல்லாம் செப்பு.
நாளைக்கு அது கறுத்துவிடும்.
சவர்க்காரத்தில் தோய்த்தது
போத்தலில் இருப்பது மட்டும்தான்.