நீல வாளி

பெட்ரா மான்சா எப்படி என்று கேட்கிறார்கள்.
நல்ல ஊர் என்கிறேன்.
ஒரு கோயில், ஒரு மருந்துக்கடை,
உழவு இயந்திரம் திருத்தும் கடை மட்டும் மூன்று.
நாளுக்கு ஒரு பஸ். வழியில் அதை நிறுத்தி
சாரதி இறங்கிப் போய் யார் வீட்டிலோ
முட்டை கொடுத்துவிட்டு வருவார்.
அதுவரை எல்லோரும் சும்மா இருப்பார்கள்.
ஐந்துலாம்புச் சந்தியில் இதைச் சொன்னால்
யார் நம்பப் போகிறார்கள்.

கொட்டாஞ்சேனையில் இப்போது அதிகாலை இரண்டு மணி.
உடம்பு இன்னும் வந்து சேரவில்லை.
எட்டரை மணித்தியாலம் பின்னால் நிற்கிறது,
முற்றத்தில் காயும் கோப்பியைக் குவித்துத்
தார்ப்பாய் மூடும் பொழுதில்.
இங்கே தகரத்தில் மழை இறங்குகிறது.
திடுக்கிட்டு எழுகிறேன்:
மூடினார்களா?

இருபத்தோராண்டு தேயிலை சுவைத்த வாய் இது.
உறிஞ்சு, நாக்கில் உருட்டு, துப்பு.
காலையில் இருநூறு கோப்பை.
இரஸெமாவின் அடுக்களையில் முதல் மிடறை
அந்தப் பழக்கத்தில் சத்தமாய் உறிஞ்சிவிட்டு
துப்ப இடம் தேடினேன்.
அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.
விழுங்கினேன்.
விழுங்குவது எப்படி என்று
தொண்டைக்கே ஒரு கணம் மறந்திருந்தது.

இதையெல்லாம் சொல்கிறேன்.
வாளியைச் சொல்வதில்லை.

தோட்டத்து வாசலில் வால்டெமிர் கேட்டார்,
எந்த நாடு?
சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை.
சிலோன் என்றேன்.
அவர் முகத்தில் ஏதோ ஒன்று நின்றது.
கோபம் இல்லை. மரியாதையும் இல்லை.
உள்ளே போய் நீல மருந்து கரைத்த வாளியோடு வந்தார்.
சப்பாத்தை முக்கச் சொன்னார்.
இலைத்துரு, என்றார். உங்கள் ஊரில்தானே
முதலில் எல்லாவற்றையும் தின்றது.
இங்கே வந்து சேர அதற்கு நூறு வருசம் எடுத்தது.
நீங்கள் விமானத்தில் வந்திருக்கிறீர்கள்.

சிரித்தார். நானும் சிரித்தேன்.
ஒரு காலை முக்கினேன். மறு காலை.
அந்த மஞ்சள் பொடி இலையின் அடியில் படிந்ததால்தான்
மலையில் கோப்பி செத்தது,
கோப்பி செத்த இடத்தில் தேயிலை நட்டார்கள்,
தேயிலை இருப்பதால்தான்
எனக்கு ஒரு கரண்டியும் சம்பளமும்.
இதை ஆங்கிலத்தில் சொல்லிவிடலாம்.
அவருக்கு ஆங்கிலம் தெரியாது.
மொழிபெயர்க்க வந்த பையன் போனில் இருந்தான்.
நோயின் சொந்தக்காரன் மாதிரி
ஈரச் சப்பாத்தோடு உள்ளே நடந்தேன்.
மரங்கள் என் தோளளவு.
பழங்கள் சிவப்பு. தொடவில்லை.

கட்டுநாயக்கவில் அதிகாரி பொதியைத் தட்டிப் பார்த்தார்.
என்ன?
கோப்பி. வறுத்தது. இனி முளைக்காது.
போங்கள்.
என் சப்பாத்தை அவர் பார்க்கவேயில்லை.
காக்க வேண்டியது இங்கே மிச்சமில்லை என்றா,
வரிசை நீளம் என்றா.

திங்கட்கிழமை சுவை அறையில்
நிஹ்மத்துக்கு ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்தேன்.
உறிஞ்சினான், உருட்டினான்,
கண்ணை மூடினான். நான் காத்திருந்தேன்.
துப்பினான்.
இதுக்குக் கொஞ்சம் சுக்குப் போட்டிருக்கலாம் மச்சான்,
என்றான்.

மழை விடவில்லை.
கதவுக்கு வெளியே சப்பாத்து கிடக்கிறது.
தையல் ஓரத்தில் அந்த நீலம் இன்னும் போகவில்லை.
சவர்க்காரம் போட்டுப் பார்த்தேன், ஒரு தரம்.
பிறகு விட்டுவிட்டேன்.
கேத்தில் கொதிக்கிறது.
எதைப் போடுவது என்று தெரியாமல்
இரண்டு டப்பாவையும் திறந்து வைத்திருக்கிறேன்.