படிவத்தின் ஒன்பதாவது கட்டம்

பாடாங் செராய், டயர்க்கடைக்கு மேல்மாடி.
விசிறி சுற்றினால் படிவம் பறக்கிறது,
ஸ்டேப்லரை மேலே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எதிரே புஷ்பலீலா.
மடியில் பிளாஸ்டிக் பை. அதற்குள்
மாட்டின் கழுத்துமணி, கால்நடை இலாகா ரசீது.
செத்தது: பசு ஒன்று, ஐந்து மாதச் சினை.
சாய்ந்தது: செம்பனை பதினொன்று.
அவை கம்பெனி மரங்கள்,
கம்பெனி தனியாகக் கேட்டுக்கொள்ளும்.

"கறுப்பா, பெரிய வாளி மாதிரி இருந்துச்சு."
முதலில் பார்த்தவன் ரஃபிகுல்,
விடியுமுன் தார் வெட்டப் போனவன்,
தன் நிரையின் குறுக்கே புகையக் கண்டிருக்கிறான்.
சாட்சிக்கு வரமாட்டான்.
அவன் பாஸ்போர்ட் ஏஜெண்டின் டிராயரில் இருக்கிறது.

அது ஒரு செயற்கைக்கோளின் எரிபொருள் தொட்டி.
ஏழு பக்கத்தில் ஒப்புக்கொண்டார்கள்.
பிறகு பதினெட்டுப் பக்கத்தில்
ஒப்புக்கொண்டதை விளக்கினார்கள்:
எதிரே வேறொரு கோள் வந்தது,
விலகு என்று முடிவெடுத்தது
உள்ளிருந்த செயற்கை நுண்ணறிவு,
கீழே கேட்க நேரமில்லை,
இருந்தது நாற்பது விநாடி,
எந்த மனிதக் கையும் எந்தப் பொத்தானையும் தொடவில்லை.

கையை இத்தனை சுத்தமாகக் கழுவ
பதினெட்டுப் பக்கம் தேவைதான்.

மேஜைமேல் விண்வெளி ஒப்பந்தம் கிடக்கிறது,
நகலெடுத்த மை இன்னும் விரலில் ஒட்டுகிறது.
மனிதன் நிலாவில் கால் வைக்குமுன்பே எழுதியது.
ஏவிய நாடு, ஏவச் சொன்ன நாடு,
ஏவ இடம் கொடுத்த நாடு
யாரையும் விட்டுவைக்கவில்லை.
பின்னால் வந்த இன்னொன்று சொல்கிறது:
தரையில் சேதமென்றால் தவறை நிரூபிக்கவே வேண்டாம், கொடு.
நல்ல வரி. அதைப் பென்சிலால் இரண்டு முறை கோடிட்டிருக்கிறேன்.
ஆனால் தானே யோசித்து விழும் தொட்டியைப் பற்றி
இரண்டிலும் ஒரு சொல் இல்லை.

"அப்ப அது வேணும்னு விழலியா?"
இல்லை.
"தெரியாம விழுந்துச்சா?"
அப்படியும் சொல்ல முடியாது.
கணக்குப் போட்டிருக்கிறது, அக்கா.
கடலில் விழ எரிபொருள் போதாது,
ஊரில் விழுந்தால் இத்தனை பேர்,
ஆளில்லாத பச்சை என்று
நம் பதினான்காம் பிளாக்கைக் குறித்திருக்கிறது.

"ஆள் இல்லியா?"

விசிறி ஒரு சுற்று சுற்றி முடிக்கிறது.

இதே மேஜைக்கு வேறு காகிதங்களும் வந்ததுண்டு.
தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது
மேனேஜர் கிராணியைக் காட்டினார்,
கிராணி பேரேட்டைக் காட்டினார்,
பேரேடு லண்டனைக் காட்டியது.
லண்டன் அப்போது எங்களுக்கு
நிலாவைவிடக் கொஞ்சம் தூரம்.
அங்கேயும் யாரும் எதையும் தொடவில்லையாம்.

வியன்னாவில் குழு கூடுகிறதாம்.
எல்லா நாடும் தலையாட்டினால்தான்
ஒரு காற்புள்ளி நகருமாம்.
என்னைக் கூப்பிடமாட்டார்கள், கூப்பிட்டால்
ஆகாயத்துக்கு வேலி கேட்கமாட்டேன்.
யோசிக்கட்டும். விலகட்டும்.
யோசித்த கணக்கைப் பூட்டிவைக்காதே என்பேன்.
அந்த நாற்பது விநாடிக்கும்
கையெழுத்துப் போட்ட ஒருவர் இருக்கட்டும்,
தூக்கத்தில் எழுப்பினால் எழக்கூடிய ஒருவர்.
அப்புறம், பச்சை என்று எழுதுமுன்
பச்சைக்குள் யார் என்று ஒரு தடவை கேள்.

கட்டம் ஒன்பது: சேதத்துக்குக் காரணமானவர் பெயர்.
"நாட்டின் பெயர் போடு, சட்டம் அவ்வளவுதான்"
என்று வக்கீல் ஃபரிடா சொல்லிவிட்டுக்
கூலிம் கோர்ட்டுக்குப் போய்விட்டார்.
போட்டேன்.
போட்ட பிறகும் கட்டத்தில் நிறைய இடம் மிச்சம்.

கட்டம் பத்து: இழந்த பொருளின் விவரம்.
"அதுக்குப் பேர் இருந்துச்சு, எழுதலாமா?"
எழுதுங்கள் என்று பேனாவைக் கொடுத்தேன்.
செவந்தி என்று எழுதினாள்,
கோட்டுக்கு வெளியே போய்,
முத்திரை விழும் இடம்வரை.

பையை எடுத்துக்கொண்டு படி இறங்குகிறாள்.
ஒவ்வொரு படிக்கும் மணி குலுங்குகிறது.
கீழே டயர்க்கடைப் பையன்
ஸ்பேனரை வைத்துவிட்டு
சாலையில் மாட்டைத் தேடுகிறான்.